சின்னப் பிள்ளைகளின் கூட்டுப்பாட்டு: மேடை ஏறியதும் குரல் எங்கே போகிறது?

#1 மழலைவகுப்பு

வணக்கம். 6 முதல் 8 வயது வரையுள்ள 42 பிள்ளைகள், மூன்று வரிசை. அரங்கில் 300 பேர் உட்காரலாம், நீளம் சுமார் 20 மீட்டர். மொத்தம் 12 உருப்படி; அதில் கூட்டுப்பாட்டு ஐந்து, ரெக்கார்டர் குழல் இரண்டு, மீதி தனிப்பாட்டும் அபிநயப் பாட்டும். நிகழ்ச்சிக்கு எட்டு வாரம் இருக்கிறது.

வகுப்பறையில் நன்றாகப் பாடுகிறவர்கள் அரங்கத்துக்குப் போனதும் மூன்று விதமாகக் கெடுகிறார்கள். குரல் கேட்பதில்லை, கேட்டால் கத்தலாகக் கேட்கிறது, ட்ராக்கை (பதிவு செய்த பின்னணி இசையை) விட்டுப் பின்னால் இழுக்கிறார்கள். மைக் எண்ணிக்கையை எட்டாக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பணத்தை அதில் போடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 சுருதிசேர்

மைக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சுருதியைப் பாருங்கள். நீங்கள் சொன்ன முதல் இரண்டு கோளாறும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

இந்த வயதுக் குரல் வசதியாக நிற்கும் இடம், கீபோர்டில் நடு ‘சி’க்கு அடுத்த ‘டி’ (294 ஹெர்ட்ஸ்) முதல் அதற்கு மேலுள்ள ‘ஏ’ அல்லது ‘பி’ (440–494 ஹெர்ட்ஸ்) வரை. எட்டு வயதுக்காரர்கள் மேல் ‘டி’யை (587) தொட்டுவிட்டு வருவார்கள், ஆனால் அங்கேயே நின்று நீட்டச் சொல்லக்கூடாது. நடு ‘சி’க்குக் கீழே போனால் குரலை விடக் காற்றுதான் அதிகம் வரும்.

பெரியவர்கள் தங்கள் குரலுக்கு வசதியான கட்டையில் (சுருதியில்) சொல்லிக் கொடுக்கிறார்கள், அங்கேதான் சிக்கல். அந்தக் கட்டையில் பாட்டின் பாதி வரிகள் பிள்ளையின் குரலுக்குக் கீழே விழுந்துவிடும். அப்போது “சத்தமா பாடு” என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே வழி: நெஞ்சுக் குரலை அழுத்தி மேலே தள்ளுவது. கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னால் வரும், மேல் சுரம் ஒவ்வொன்றும் ஒரு இழை இறங்கி நிற்கும். நாற்பது பேர் சேர்ந்து அதைச் செய்தால் நீங்கள் கேட்கும் அந்தக் கத்தல்தான்.

செய்ய வேண்டியது:

பாட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தையும் ஆக மேல் சுரத்தையும் கீபோர்டில் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ‘ஏ’ (220) முதல் ‘ஏ’ (440) வரை ஓடும் பாட்டு என்றால் 5 அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்த 5 விசை) ஏற்றுங்கள். ‘டி’ முதல் மேல் ‘டி’ வரை வந்துவிடும். ஒரு ஸ்தாயியை (ஒரு சுரத்திலிருந்து அதே பெயருள்ள அடுத்த சுரம் வரை) தாண்டி விரியும் பாட்டை ஆறு வயதுக்காரர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். வேறு பாட்டு தேடுங்கள்.

மெல்லிய மேல் குரல் எங்கே இருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தினமும் மூன்று நிமிடம் “ஊ” என்று மேலிருந்து கீழே வழுக்கி வரச் சொல்லுங்கள். பிறகு பாட்டு முழுவதையும் “ஊ”விலேயே பாடவைத்து, அதே மென்மை மாறாமல் வார்த்தையைப் போடுங்கள். ஆரம்பத்தில் சத்தம் பாதியாகக் குறைந்தது போல இருக்கும். பயந்து பழையபடி “சத்தமா” என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் அந்தக் குரலுக்கே உடல் வந்து, அரங்கத்தின் கடைசி வரிசை வரை போகும்.

ஆரம்பச் சுரம் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆண் குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால், பல சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பிடித்து மேலே மாற்றிப் பாடத் தெரியாது. சொல்லிக் கொடுப்பவர் ஆணாக இருந்தால் அவர்கள் பாடும் ஸ்தாயியிலேயே கீபோர்டில் சுரத்தைக் கொடுங்கள்.

#3 ஒலிமேசை

சுருதிசேர் சொன்னத அப்படியே வழிமொழியறேன். எட்டு மைக் வேண்டாம், ரெண்டு போதும்.

காரணம் இதுதான். ஒரே நேரத்துல திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள திரும்பி ஊளையிடறதுக்கு முன்னால நீங்க ஏத்தக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். ரெண்டுலருந்து எட்டுக்குப் போனா 6 டெசிபல் போச்சு. காசு கொடுத்து சத்தத்தக் குறைச்ச மாதிரி ஆகும். அதோட ஒரே குரல் பக்கத்துப் பக்கத்து மைக்குல கொஞ்சம் முன்னப் பின்ன விழுந்தா ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டு குடத்துக்குள்ள பாடற மாதிரி கேக்கும்.

42 பேர், வரிசைக்கு 14, ஒருத்தருக்கு 45 செ.மீ. இடம். அகலம் 6.3 மீட்டர். இடது ஓரத்துலருந்து சுமார் 1.6 மீட்டர்ல ஒண்ணு, வலது ஓரத்துலருந்து அதே அளவுல ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல 3 மீட்டர் சொச்சம் வரும். முன் வரிசைக்கு 90 செ.மீ. முன்னால ஸ்டாண்ட், மைக் முன் வரிசைத் தலைக்கு மேல 60 முதல் 90 செ.மீ. உயரத்துல, முகம் கடைசி வரிசைய பாக்கணும். முன் வரிசைய பாக்க வெச்சா முன்னால நிக்கிற நாலு பேர் மட்டும்தான் கேப்பாங்க. மைக்குக்கும் மைக்குக்கும் உள்ள தூரம், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தப் போல மூணு மடங்காவது இருக்கணும். மேல சொன்ன கணக்குல அது கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வருது.

மைக் கண்டென்சர் வகை, கார்டியாய்ட் (முன்னாலருந்து வர்ற சத்தத்த அதிகமா எடுக்கறது). மிக்ஸர்ல 48 வோல்ட் பாண்டம் (கேபிள் வழியா மைக்குக்குப் போற மின்சாரம்) போட்டாத்தான் வேலை செய்யும். அதப் போடாம “மைக் ரிப்பேர்”னு கழட்டறது சகஜமா நடக்கிற ஒண்ணு. இந்த வயசுக் குரல்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதுவும் இல்ல, அதனால ‘லோ கட்’ (அடி ஒலிய வெட்டற வசதி) அளவ 120 முதல் 150 வரை தைரியமா ஏத்துங்க. பலகை மேல குதிக்கற சத்தம், ஃபேன் காத்து எல்லாம் அதோட போயிடும். பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் மைக் வரிசைக்கு முன்னால, சபையப் பாத்து இருக்கணும். மேடைக்குள்ள இழுத்து வெச்சா எந்த மிக்ஸராலயும் காப்பாத்த முடியாது.

தனிப்பாட்டுக்கு கையில மைக் கொடுக்காதீங்க. பிள்ளைங்க மொதல்ல வலைக்குண்டையே பொத்திப் பிடிப்பாங்க, அப்பவே ஊளை. ரெண்டாவது வரியில மைக் நெஞ்சுக்கு எறங்கிடும். நேர் ஸ்டாண்ட் ரெண்டு, ஒண்ணு 100 செ.மீ., ஒண்ணு 115. உயரத்துக்கு ஏத்த ஸ்டாண்டுக்கு பிள்ளை போகட்டும், மேடையில திருகிக்கிட்டு நிக்க வேண்டாம். தரையில டேப் ஒட்டி கால் வைக்கற இடத்தக் காட்டிடுங்க.

#4 தாளக்கட்டு

மூன்றாவது கோளாறு, பின்னால் இழுப்பது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ட்ராக் எங்கிருந்து கேட்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கர் சபையைப் பார்த்து நிற்கிறது. மேடையில் நிற்பவர்களுக்குத் தெளிவாக வந்து சேர்வது பின் சுவரில் மோதித் திரும்பும் ஒலி. 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பினால் 40 மீட்டர், ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, ஏறக்குறைய 0.12 நொடி தாமதம். நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டில் ஓர் அடி 0.6 நொடிதான். அடியில் ஐந்தில் ஒரு பங்கு பின்னால் கேட்டு அதன்படி பாடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை, கேட்டபடி சரியாகத்தான் பாடுகிறார்கள். மேடையின் முன் விளிம்பில் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் வைத்து, அதில் ட்ராக்கை மட்டும் விடுங்கள். பிள்ளைகளின் குரலை அதில் விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்காரர்களுக்கு ட்ராக்கே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு வரியை விட்டுவிட்டால் ட்ராக் காத்திருக்காது. கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், பிள்ளைகள் தாவிய இடத்துக்கு அவரும் தாவுவார். பல்லவி முடிந்ததும் யாரும் தொடங்கவில்லை என்றால் இரண்டு தாளவட்டம் சுற்றி நிற்பார். நான்கு சுரக்கூட்டு (chord) தெரிந்தவர் போதும்.

#5 மழலைவகுப்பு

மிக்க நன்றி. கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார், மூன்று பாட்டுக்கு அவரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாட்டுக்கு ட்ராக்தான் வழி. ஒன்று ஆண் பாடகர் சுருதியில் இருக்கிறது, நடுவே நீண்ட வாத்திய இசையும் உண்டு.

#6 ஒலிமேசை

ரெக்கார்டிங்க மென்பொருள்ல 3 அரைச்சுரத்துக்கு மேல ஏத்தினா வாத்தியங்க தகரம் மாதிரி மெலியும். அதுக்கு மேல தேவைப்பட்டா அந்த ஆசிரியைய கீபோர்டுல புதுசா வாசிச்சுப் பதிவு பண்ணச் சொல்லுங்க. அதுல நாலே விஷயம்: முன்னிசை 8 அடிக்கு மேல வேண்டாம், நடு இசைய 4 தாளவட்டமா வெட்டுங்க, அதுக்கு மேல போனா பிள்ளைங்க மூக்க நோண்ட ஆரம்பிப்பாங்க, உள்ள நுழையற இடமும் மறந்துடும், முடிவு பளிச்சுன்னு நிக்கணும், கரைஞ்சு போகக்கூடாது, பாட்டுக்கு முன்னால 2 நொடி மௌனம்.

மேடையில கெடறது பெரும்பாலும் கேபிள்லதான். லேப்டாப்போட 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னுலருந்து நேரா மிக்ஸர்ல ஒரே பேலன்ஸ்டு இன்புட்டுக்குப் (மைக் செருகற மாதிரி மூணு முனை இணைப்புக்குப்) போற கேபிளப் போட்டா, இடமும் வலமும் ஒண்ண ஒண்ணு கழிச்சுடும். நடுவுல இருக்கிற பேஸ், ட்ரம், மெட்டு எல்லாம் காணாமப் போய் எதிரொலி மட்டும் மிஞ்சும். பதறிப்போய் ட்ராக் கெட்டுடுச்சுன்னு நெனைப்பாங்க. ரெண்டு சேனலுக்குப் பிரியற ஒய் கேபிள், இல்லாட்டி டிஐ பாக்ஸ் (லேப்டாப் ஒலிய மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்ற சின்னப் பெட்டி) போடுங்க. “ம்ம்ம்”னு இரைச்சல் வந்தா சார்ஜரக் கழட்டி பேட்டரில ஓட்டிப் பாருங்க, நின்னுடும்.

புளூடூத் வேண்டவே வேண்டாம். போனா இருந்தா விமானப் பயன்முறை. ஒரு பாட்டு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடற வசதிய அணைச்சுடுங்க. பிள்ளைங்க வணக்கம் சொல்லும்போது அடுத்த பாட்டு ஆரம்பிச்சா பாதி பேர் திரும்பப் பாட ஆரம்பிச்சுடுவாங்க. எல்லா ஃபைலும் ரெண்டாவது கருவியிலயும் இருக்கட்டும், 01, 02ன்னு நிகழ்ச்சி வரிசைப்படி.

#7 சுருதிசேர்

ஹார்மோனியமோ பழைய சுருதிப்பெட்டியோ ட்ராக்கோடு சேர்கிறது என்றால் முதலில் ஒத்துப் பாருங்கள். ட்ராக் ‘ஏ’ 440இல் இருக்கும். பெட்டி அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, அதை மேடையில் திருத்தவும் முடியாது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் சுழியமா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். போன பாட்டுக்கு ஏற்றியது அப்படியே இருந்துவிட்டால், முதல் வரியிலேயே எல்லோரும் திகைத்து நிற்பார்கள்.

பாட்டைக் கடைசி சரணத்திலிருந்து சொல்லிக் கொடுங்கள். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால் பல்லவி ஐம்பது தடவை, கடைசி சரணம் பத்துத் தடவை என்றாகும். மேடையில் களைப்பும் பயமும் சேரும்போது பலவீனமான பகுதிதான் கடைசியில் வந்து நிற்கும். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை என்று உறுதியாக இருங்கள்.

#8 மூன்றாம்வரிசை_பெற்றோர்

சுருதியே சேராத நான்கைந்து பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை வாயை மட்டும் அசைக்கச் சொன்னால் மற்றவர்கள் நன்றாகக் கேட்க மாட்டார்களா?

#9 சுருதிசேர்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாரும் செய்யக்கூடாது. ஏழு வயதில் “நீ வாயை மட்டும் அசை” என்று கேட்ட பிள்ளை தனக்குப் பாட வராது என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவை நாற்பது வயது வரை சுமப்பவர்கள் எத்தனையோ பேர்.

சுருதி சேர்வது பழகினால் வருவது. அந்த வயதில் பலருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையை உறுதியாகப் பாடும் இருவருக்கு முன்னால் நிறுத்துங்கள். பக்கத்தில் நிறுத்துவதை விட இது நல்லது, சரியான சுரம் பின்னாலிருந்து நேராகக் காதில் விழும். மைக்குக்கு நேர் கீழே மட்டும் நிறுத்த வேண்டாம். வகுப்பில் அவர் பாடும் சுரத்தை நீங்கள் போய்ப் பிடியுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அதே சுரத்தில் நீங்கள் பாடி, அங்கிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே கூட்டிவாருங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், வாரம் மூன்று தடவை.

#10 மூன்றாம்வரிசை_பெற்றோர்

புரிந்தது, நன்றி. இப்படி யோசித்ததில்லை.

#11 திரைக்குப்பின்

மேடை ஏற்பாடு பற்றிச் சொல்கிறேன்.

படிமேடை ஒவ்வொரு படியும் 20 செ.மீ. மேல் படிக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பி கட்டாயம். படி விளிம்பில் வெள்ளை டேப். இரண்டு ஓரத்திலும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் மயக்கம் வரும். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு, வெயில் போன்ற விளக்கடியில், வெறும் வயிற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் ரத்தம் காலில் தங்கிவிடும். முகம் வெளுத்துக் கொட்டாவி விடும் பிள்ளை அடுத்த நிமிடம் சாயப்போகிறது என்று அர்த்தம். உடனே அதே இடத்தில் உட்காரவைத்து, பிறகு படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். இதைத் தடுக்க இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழும் அசைவை நிகழ்ச்சியிலேயே சேர்த்துவிடலாம். ஒத்திகையில் “முழங்கால் மெத்தென்று” என்று சொல்லிப் பழக்குங்கள்.

கழிப்பறைக் கணக்கைப் பலர் போடுவதில்லை. 42 பேர், நான்கு கழிப்பறை, ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 16 நிமிடம். உடை சிக்கலாக இருந்தால் இரட்டிப்பு. தொடங்குவதற்கு 40 நிமிடம் முன்பே அனுப்பத் தொடங்குங்கள்.

ஏறுவது, வணங்குவது, இறங்குவது மூன்றையும் பாட்டைப் போலவே தனியாக ஒத்திகை பாருங்கள். பின் வரிசை முதலில் ஏறும். ஒவ்வொரு வரிசையிலும் முதலில் போகும் பிள்ளைக்கு மட்டும் தன் இடம் தெரிந்தால் போதும், தரையில் ஒரு வண்ணக் குறி, மற்றவர்கள் பின்தொடர்வார்கள். வரிசையில் ஒருவர் வராவிட்டால் இடத்தைக் காலியாக விடாமல் நெருங்கி நிற்கவும் பழக்குங்கள்.

சத்தத்துக்கும் கைதட்டலுக்கும் மிரளும் பிள்ளை இருந்தால் ஓரத்தில், இறங்கும் படிக்கு அருகே இடம். காதுறை போட்டுக்கொண்டு பாடலாம், கடைசியில் ஏறி முதலில் இறங்கலாம். அரங்கத்தை ஆளில்லாத நேரத்தில் முன்கூட்டியே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

12 உருப்படி அதிகம். 12 × 3 நிமிடம் 36, நடுவே 11 மாற்றம், மாற்றத்துக்கு 2 நிமிடம் என்றால் 22, பேச்சு 15. மொத்தம் 73 நிமிடம். இந்த வயதுக்காரர்களால் 45 நிமிடத்துக்கு மேல் முறை வரும்வரை அமைதியாகக் காத்திருக்க முடியாது. ஒன்பதாகக் குறைத்து, தனிப்பாட்டைத் திரைக்கு முன்னால் வைத்து, அது நடக்கும்போதே பின்னால் மேடையை மாற்றுங்கள். பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பிள்ளைகள் பாடி முடித்து இறங்கிய பிறகு.

#12 குழல்வாசி

ரெக்கார்டருக்கு வருகிறேன். முதலில் எல்லாக் குழலையும் மேசையில் வரிசையாக வைத்து, முன்பக்கத்தில் மேலிருந்து நான்காவது துளையையும் ஐந்தாவது துளையையும் பாருங்கள். ஐந்தாவது சிறியது என்றால் ஜெர்மன் விரலமைப்பு. நான்காவது சிறியது என்றால் பரோக். இரண்டும் கலந்த வகுப்பில் ‘எஃப்’ சுரம் ஒருநாளும் சேராது, பயிற்சி போதவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. மாற்ற முடியாவிட்டால் ‘எஃப்’ வராத பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ‘பி’, ‘ஏ’, ‘ஜி’ மூன்றே சுரத்தில் அழகான உருப்படி செய்யலாம்.

குளிர்ந்த குழல் சுருதி இறங்கி ஒலிக்கும். மேடை ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் தலைப்பகுதியைக் கையில் பொத்தி வைத்திருக்கச் சொல்லுங்கள். தலைப்பகுதியை 1–2 மி.மீ. வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். ஏற்றுவதற்கு வழி இல்லை. அதனால் எல்லாவற்றிலும் இறங்கி ஒலிக்கும் குழலைக் கண்டுபிடித்து மற்றவற்றை அதற்கு இழுக்க வேண்டும். உரக்க ஊதினால் சுருதி ஏறிக் கீச்சிடும், “து” என்று நாக்கால் தொட்டு, கண்ணாடியில் ஆவி படியும் அளவு மூச்சே போதும்.

நடுவில் சத்தம் அடைத்துக்கொண்டால் எச்சில் இல்லை, மூச்சின் ஈரம் குளிர்ந்து காற்றுப்பாதையில் நிற்கிறது. மேலேயுள்ள சதுரத் திறப்பை விரலால் மூடி ஒரே ஊதாக ஊதினால் கழன்றுவிடும். இதைப் பிள்ளைகளே செய்யக் கற்றுக்கொடுங்கள்.

#13 மழலைவகுப்பு

உருப்படியை ஒன்பதாகக் குறைத்துவிட்டோம்; மைக் இரண்டு, மானிட்டர் இரண்டு, நேர் ஸ்டாண்ட் இரண்டு. கடைசியாக ஒரு கேள்வி. அரங்கத்தில் காலியாக ஒத்திகை பார்த்தால் எதிரொலி பயங்கரமாக இருக்கிறது. மேலும், நிகழ்ச்சியன்று பாட்டு நடுவில் உடைந்துபோனால் என்ன செய்வது?

#14 ஒலிமேசை

எதிரொலிக்குப் பதற வேண்டாம். 300 பேர் உக்காந்தா உடம்பும் துணியும் நிறைய உறிஞ்சிக்கும். காலி அரங்கத்துல கேக்கறத வெச்சு மிக்ஸரத் திருகாதீங்க, வேகத்தையும் குறைக்காதீங்க. வார்த்தையோட மெய்யெழுத்த அழுத்தமாச் சொல்லச் சொன்னா போதும்.

#15 தாளக்கட்டு

உடைந்தால்: நடத்துபவர் கையை நிறுத்தக்கூடாது, பிள்ளைகளோடு சேர்ந்து உரக்கப் பாடவும் கூடாது. உதட்டை மட்டும் பெரிதாக அசைத்து, அடுத்த பல்லவியின் முதல் சொல்லைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் பல்லவியில்தான் திரும்பச் சேர்வார்கள், சரணத்தின் நடுவில் சேரமாட்டார்கள். அதனால் ஒத்திகையிலேயே இதைப் பழக்கிவிடுங்கள்: நீங்கள் திடீரென்று கையை உயர்த்தினால் எங்கே இருந்தாலும் விட்டுவிட்டுப் பல்லவிக்கு வர வேண்டும். கீபோர்டு ஆசிரியைக்கும் அதே சைகை. ட்ராக் பாட்டில் இது நடக்காது. அங்கே உடைந்தால் ட்ராக் பல்லவிக்கு வரும்வரை அடியை மட்டும் கைதட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒத்திகையில் இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே பாடுவதை நிறுத்தி அந்தக் கைதட்டலையும் பழக்குங்கள்.

தொடங்கும்போது “ஒன்று, இரண்டு, மூன்று” என்று வாயால் எண்ண வேண்டாம், மைக்கில் விழும். பாட்டின் வேகத்திலேயே நீங்கள் மூச்சை இழுத்துக் காட்டுங்கள். 42 பேரும் உங்களோடு சேர்ந்து மூச்சு எடுப்பார்கள், முதல் சொல் ஒன்றாக விழும்.